தாண்டிக் குதித்த படி

2018 அக்டோபர். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. திருப்பரங்குன்றத்தில் நான் ஏறிய டவுன் பஸ் பழங்காநத்தம் தாண்டியதும் நெரிசலில் நின்றுவிட்டது. ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் கம்பி. திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது. விரல் நுனி மரத்தது, உதட்டோரம் எறும்பு ஊர்ந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் நான் பஸ் ஏறவில்லை.

நான் லேப் டெக்னீஷியன். இருபது வருடமாக மற்றவர்களின் ரத்தத்தை எடுத்து எண்ணிக்கை சொல்வதுதான் பிழைப்பு. அதனால் என் பயத்தையும் எண்ணிக்கையில் தேடினேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டு மாதத்தில் நான்கு முறை தைராய்டுக்கான டிஎஸ்எச் டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். கூட வேலை பார்க்கிற அக்கா நாலாவது தடவை ட்யூபைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "உன் ரத்தம் தீர்ந்துபோனா யாரைக் குத்துவ?" என்று திட்டினார்.

விரல் ஏன் மரத்தது என்று எனக்குத் தெரியும், அதுதான் வேடிக்கை. வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அப்போது கால்சியத்தில் அயனியாக உலவுகிற பங்கு குறைந்து நரம்பு துள்ள ஆரம்பிக்கும். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்களும் கொஞ்சம் சுருங்கும், தலை சுற்றும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். மறுபடி வந்தபோது அந்த அறிவு ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

அப்பா தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடத்தில் இரண்டு தடவையாவது திருவண்ணாமலை போய்வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பழுப்புத் தாள் அட்டை போட்ட ஒரு ஒல்லிப் புத்தகம் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ரமணரின் 'நான் யார்?'. தென்னாற்காடு ஜில்லாவில் ரெவின்யூ இலாகாவில் இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902 வாக்கில் விரூபாட்ச குகைக்குப் போய்க் கேட்ட கேள்விகளும், அப்போது பேசாமல் இருந்த இருபத்திரண்டு வயது ரமணர் எழுதிக் காட்டிய பதில்களும்தான் அது. அச்சில் வந்தது 1923இல். அப்பாவிடம் பஸ் கதையைச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"யாருக்குப் பயம்? அதைக் கேளு அம்மாடி."

கேட்டேன். பாத்திரம் கழுவும்போது, படுக்கும்போது, வேலையில் ஊசியைக் கையில் எடுக்கும்போது என்று எந்நேரமும் கேட்டேன். நெஞ்சு படபடக்க ஆரம்பித்ததும் "யாருக்குப் பயம், நான் யார், நான் யார்" என்று உள்ளே ஓட்டுவேன். முதல் இரண்டு வாரம் கொஞ்சம் பலன் இருந்ததுபோலத் தோன்றியது. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் விரல்கள் என்னுடையவை இல்லை என்று தோன்றியது. கையுறைக்குள் வேறு யாருடைய கையோ இருந்தது. குரல் பக்கத்து அறையிலிருந்து வந்தது. அப்பாவிடம் சொன்னால் "நல்ல அடையாளம்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து சொல்லவே இல்லை.

நடுவில் அத்தை ஒரு கை பார்த்தார். அவருக்கு முசிறி. "எதுக்கு யாருக்குன்னு கேட்டுக்கிட்டு? குணசீலம் போவோம்" என்று இழுத்துக்கொண்டு போனார். மனநிலை சரியில்லாதவர்களை 48 நாள் தங்கவைக்கிற பெருமாள் கோயில். உச்சிவேளை பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தத்தை அறைவதுபோலத் தெளித்தார்கள். சரி, எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிராகாரத்தில் தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்த ஓர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவசரமே இல்லாத நடை அது. தென் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை அளந்து பார்த்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. மருந்து இல்லை, விசேஷப் பரிகாரமும் இல்லை. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு, அதைப் பிடித்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய வருடம்தான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்கா பக்கம் இருந்த மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தீயில் மாட்டி 28 பேர் செத்தார்கள். கூட ஒருவர் கைபிடித்து நடப்பதும் சங்கிலி போட்டுவிட்டுப் போவதும் நம்பிக்கை என்கிற ஒரே பெயரில்தான் நடக்கின்றன.

கடைசியில் லேப் டாக்டரே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். (கவுன்சிலர் என்றால் எங்கள் வீட்டில் வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் வெளியே சொல்ல வசதியாக இருந்தது.) என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, பயம் வரும்போது என்னென்ன செய்வீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றார். எழுதினேன். தண்ணீர் பாட்டில். பர்ஸில் ரமணர் படம். நாடியைத் தொட்டுப் பார்ப்பது. டிஎஸ்எச். பஸ்ஸுக்குப் பதில் ஷேர் ஆட்டோ, அதிலும் ஓர ஸீட். கடைசியாக, நான் யார் என்று கேட்பது.

அவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். தண்ணீர் பாட்டிலும் 'நான் யார்' என்பதும் ஒரே வட்டத்துக்குள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "மேடம், இது வேற, அது வேற" என்றேன்.

"வேறதான். ஆனா நீங்க எதுக்காகக் கேக்கறீங்க? பதில் தெரியவா, பயம் போகவா?"

பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன், நாலு கிலோமீட்டர், உள்ளே திட்டிக்கொண்டே.

அவர் சொன்னதன் பின்னணி எனக்கு அப்புறம்தான் பிடிபட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டேவிட் கிளார்க் 1986இல் பேனிக், அதாவது இந்தத் திடீர்ப் பீதி, எப்படி வேலை செய்கிறது என்று ஒரு விளக்கம் எழுதினார். உடம்பில் ஏதோ ஒரு சின்ன அசைவு, ஒரு படபடப்பு. அதை மனசு சாவின் அறிகுறி என்று தப்பாக வாசிக்கிறது. அந்த வாசிப்பு பயத்தைக் கிளப்புகிறது. பயம் இன்னும் படபடப்பைத் தருகிறது. பார்த்தாயா, நிஜம்தான் என்று மனசு சொல்கிறது. இந்தச் சுற்றை அறுக்க விடாமல் காப்பாற்றுவது நாம் பிடித்துக்கொள்கிற பாதுகாப்புச் சாமான்கள்தான். பாட்டில் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று நினைக்கிறவரை, பாட்டில் இல்லாமலும் சாக மாட்டேன் என்பது தெரியவே தெரியாது. 'நான் யார்' என்கிற என் விசாரமும் அப்படி ஒரு பாட்டில் ஆகியிருந்தது. போதாததற்கு, பயத்திலிருந்து தப்பிக்க உடம்பை விட்டு ஓயாமல் பின்னால் நகர்ந்து நகர்ந்துதான் அந்தக் கையுறைக் கை வந்தது. அதற்கு டீபெர்சனலைசேஷன் என்று பெயர், பேனிக்கோடு கூடப் பிறந்தது, ஞானம் இல்லை என்று மேடம் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவர் கொடுத்த மருந்து விசித்திரமானது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸ் குழாய் வழியாக ஒரு நிமிடம் மூச்சு விட வேண்டும். சுழல் நாற்காலியில் சுற்ற வேண்டும். மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். எந்த உணர்ச்சிக்குப் பயந்தேனோ அதை நானே வரவழைத்து, வந்ததும் எதுவும் செய்யாமல் உட்கார வேண்டும். குழாய் வழியாக மூச்சுவிட்டு முடித்ததும் விரல் மரத்தது, அதே டவுன் பஸ்.

"இப்ப என்ன இருக்கு?" என்றார்.

"படபடப்பு இருக்கு."

"யாருக்கு?"

அந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து எதிர்பார்க்கவில்லை. அவர் அதை வேதாந்தமாகக் கேட்கவில்லை, வாக்கியத்தை முடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். சொன்னேன். "எனக்கு. எனக்குப் பயமா இருக்கு." சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஆறு மாதத்தில் அந்த வாக்கியத்தை நான் ஒருமுறைகூட முழுசாகச் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அப்பாவின் பழுப்பு அட்டைப் புத்தகத்தை முதல்முறையாக நானே எடுத்துப் படித்தேன். அதில் வழி தெளிவாகவே இருக்கிறது. எண்ணம் எழுந்தால் யாருக்கு என்று கேள். எனக்கு என்று வரும். அப்புறம் நான் யார் என்று கேள். மூன்று படி. நான் முதல் படியிலிருந்து மூன்றாவதற்கு ஒரே தாவாகத் தாவிக்கொண்டிருந்தேன். நடுவில் இருந்த 'எனக்கு' என்கிற படியில் கால் வைக்கவே இல்லை. வைத்தால் பயமாக இருக்குமே. நான் யார் என்று கேட்க முதலில் அங்கே ஒரு நான் இருந்தாக வேண்டும். நடுங்கிக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, அழுதுகொண்டு இருக்கிற நான். அதை ஒப்புக்கொள்ளாமல் கேட்கிற கேள்வி கேள்வியே இல்லை, விரட்டல்.

இதற்கப்புறம்தான் ரமணர் வாழ்க்கையில் நான் சின்ன வயதிலிருந்து கேட்டுச் சலித்த ஒரு சம்பவம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

1896 ஜூலை. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீடு. பின்னால் ரமணர் ஆன வேங்கடராமனுக்குப் பதினாறு வயது. அப்பா இறந்து நாலு வருடம். மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சல் இல்லை, நோய் இல்லை, திடீரென்று நான் சாகப்போகிறேன் என்ற பயம் அடிக்கிறது. பஸ்ஸில் எனக்கு வந்த அதே மாதிரி, காரணமில்லாமல். அவன் டாக்டரிடம் போகவில்லை, பெரியவர்களைக் கூப்பிடவில்லை. படுத்தான். கை காலைப் பிணம்போல விறைத்து நீட்டினான். மூச்சை அடக்கினான். 'நான்' என்ற சத்தம்கூட வெளியே வராதபடி உதட்டை இறுக மூடினான். சரி, இந்த உடம்பு செத்துவிட்டது, தூக்கிக்கொண்டு போய் எரிப்பார்கள், நானும் செத்தேனா என்று பார்த்தான். பிற்காலத்தில் தன் சரித்திரத்தை எழுதியவரிடம் அவர் சொன்ன விவரம் இது. அன்றோடு மரண பயம் திரும்பவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

ஜூஸ் குழாய் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பயத்தை விரட்டாமல், வா, நடித்தே காட்டுகிறேன் என்று படுத்தானே, மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதில் பாதி. மனநல வைத்தியம் எண்பது, தொண்ணூறு வருடம் கழித்து நோட்டுப் போட்டுக் கண்டுபிடித்ததை ஒரு பள்ளிக்கூடப் பையன் அரை மணி நேரத்தில் செய்துவிட்டான் என்று பெருமைப்படத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொன்னால் பொய். பயம் தானே இறங்கும், அதைத் தெரிந்துகொண்டு பஸ் ஏறு என்று மேடம் நிறுத்திக்கொண்டார். அந்தப் பையன் பஸ் ஏறுவதற்காகப் படுக்கவில்லை. ஆறு வாரத்தில், அண்ணன் தன் காலேஜ் கட்டணத்தைக் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டே போனான்.

அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், வில்லியம் ஜேம்ஸ் என்கிற அமெரிக்க உளவியல் அறிஞர் எடின்பரோவில் சமய அனுபவங்களைப் பற்றிச் சொற்பொழிவு செய்துகொண்டிருந்தார். 1901, 1902. சிவப்பிரகாசம் பிள்ளை குகையில் கேள்வி கேட்ட அதே சமயம். அந்தச் சொற்பொழிவில் ஒரு பிரெஞ்சுக்காரரின் கடிதம் என்று ஒன்றைப் படித்தார். இருட்டின அறையில் திடீரென்று காரணமற்ற பயம். மனநல விடுதியில் பார்த்த, அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளியின் உருவம் கண்முன் வந்து, இதுவும் நான்தான் என்று தோன்றிய கலக்கம். பைபிள் வசனங்களைப் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நிஜமாகவே பைத்தியம் பிடித்திருக்கும் என்கிறது கடிதம். கடிதமும் பிரெஞ்சுக்காரரும் கற்பனை, அது தன் சொந்த அனுபவம் என்று ஜேம்ஸே பிறகு ஒப்புக்கொண்டார். உளவியலுக்குப் பாடப்புத்தகம் எழுதிய மனிதருக்கும் தன் பயத்தைச் சொல்ல ஒரு முகமூடி வேண்டியிருந்தது! அவரும் நடுப்படியில் கால் வைக்கக் கூசியிருக்கிறார் என்று நினைத்தபோது அவர்மேல் எனக்குப் பாசம் வந்தது.

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் கதை வேறு. 1937 கடைசியில் இந்தியா வந்தவர் தென்னிந்தியாவுக்கும் வந்தார். ரமணரைப் பார்க்கப் போகவில்லை, வேண்டுமென்றேதான் போகவில்லை. 'நான்' இல்லாமல் ஒரு விழிப்பு இருக்க முடியுமா, தெரிந்துகொள்ள அங்கே ஒருவர் வேண்டாமா என்பது அவருடைய விடாப்பிடியான சந்தேகம். எங்கள் அப்பாவுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். எனக்கு அந்தச் சந்தேகம் பிடிக்கிறது. ஆனால் சென்னை வரை வந்தவர் நேரில் போய் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாமே என்ற வருத்தமும் உண்டு.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு தடவை 'ரமணர் சொன்னதை ஸ்கேன் நிரூபித்துவிட்டது' என்று வரும். சும்மா இருக்கும்போது மூளையில் ஒரு வலைப்பின்னல் சுறுசுறுப்பாக இருப்பதை 2001இல் மார்கஸ் ரெய்க்கிள் குழு விவரித்தது. நம்மைப் பற்றிய கதையை நாமே ஓட்டிக்கொண்டிருக்கும்போது அதன் பகுதிகள் வேலை செய்கின்றன. நாள்பட்டுத் தியானம் செய்கிறவர்களுக்கு அது அடங்கியிருப்பதை 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். நல்ல ஆய்வு. ஆனால் சத்தம் குறைந்தது என்பதுதான் அதில் தெரிகிறது. கேட்டுக்கொண்டிருப்பது யார் என்பது எந்தப் படத்திலும் விழவில்லை. எண்ணிக்கை சொல்லிப் பிழைக்கிறவள் என்பதால் எண்ணிக்கை எதைச் சொல்லாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு.

மேடத்திடம் ஒருநாள் கேட்டேன். திருவண்ணாமலை கோயிலின் பாதாள லிங்க நிலவறைக்குள் பூச்சி தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல், பேசாமல், ஊட்டிவிட்டால் சாப்பிட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையனை உங்களிடம் கூட்டிவந்தால் என்ன சொல்வீர்கள்? அவர் யோசித்தார். "முதல்ல புண்ணுக்கு மருந்து போடுவேன்" என்றார். அப்புறம், "உடனே பேர் வைக்க மாட்டேன். பின்னால எப்படி வாழ்ந்தார்?" என்று கேட்டார். விடியற்காலையில் ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்கினார், பேப்பர் படித்தார், அச்சுப் பிழை திருத்தினார் என்றேன். "அப்ப சரி" என்றார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டிலேயே 1994இல் சமய, ஆன்மிகச் சிக்கல் என்று ஒரு தலைப்பைச் சேர்த்திருக்கிறார்கள், நோய் என்று சொல்லாமலே கவனிக்க வேண்டிய விஷயமாக, என்றும் சொன்னார்.

2020 பிப்ரவரியில் பஸ் ஏறினேன், பாட்டில் இல்லாமல். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறங்கி, மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் பக்கமாக நடந்து சொக்கப்ப நாயக்கன் தெரு. அந்த வீடு இப்போது ரமண மந்திரம். பாத்திரக்கடைச் சத்தம் உள்ளே வரை வந்தது. உட்கார்ந்து பத்து நிமிடத்தில் படபடப்பு ஆரம்பித்தது. இடம் அப்படி என்று சிலர் சொல்வார்கள், வெயிலில் நடந்தது என்பது என் கணக்கு. நாடியைத் தொடவில்லை. எனக்கு என்று சொல்லி அங்கேயே நின்றேன். படபடப்பு ஏறியது, இறங்கியது. இறங்கின பிறகு கொஞ்ச நேரம், ஏறினதையும் இறங்கினதையும் பார்த்த ஒன்று ஏறவும் இல்லை இறங்கவும் இல்லையோ என்று ஒரு சந்தேகம். அதை அனுபவம் என்று சொல்லத் துணிவில்லை. கண்ணைத் திறந்தபோது ஒரு பாட்டி எனக்கு எதிரே உட்கார்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

போன வருடம் அப்பாவுக்கு ஆஞ்சியோ. எழுபத்தாறு வயது. பச்சை கவுனில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார், சட்டைப்பை இல்லாததால் புத்தகம் என் கையில். அவர் விரல் ஜில்லென்றிருந்தது.

"யாருக்குப் பயம்னு கேட்டுப் பாத்தேன் அம்மாடி."

"என்ன வந்துச்சுப்பா?"

"எனக்குன்னுதான் வருது" என்றார். வெட்கப்பட்டதுபோல லேசாகச் சிரித்தார்.

நாடியைப் பிடித்தேன். தொண்ணூற்றெட்டு. அடுத்த கேள்வியை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே கூப்பிடும்வரை கையை விடாமல் வைத்திருந்தேன்.